புதுப்பிப்பு: கல்லடி வளவில் ஜிங்கோ, இலை மஞ்சளாகுமா?

இலையுதிர்காலத்தில் இலை மஞ்சளாகும் ஜிங்கோ மரத்தை, அந்த நிறத்துக்காக மட்டக்களப்பு கல்லடி வீட்டு வளவில் வைக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கன்று சாகவில்லை, மஞ்சளாகவும் இல்லை. மாரி மழைக்கு வேர் அழுகாமல் மேடு கட்டச் சொன்னது உதவியது. ஆனால் அந்த விசிறி இலைகள் ஓரம் கருகிப் பழுப்பாகத்தான் விழுகின்றன. ஜிங்கோவுக்குக் குளிர்காலம் வேண்டும். மட்டக்களப்பில் மார்கழி இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

நிறத்துக்குக் கைகொடுத்தது, "பேசாமல் கொட்டங்காய் (நாட்டு வாதுமை) வையுங்கள்" என்ற பதில்தான். கடல் மணலிலும் உப்புக் காற்றிலும் மளமளவென்று வளர்ந்துவிட்டது. உதிருமுன் இலை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் நல்ல சிவப்பு. வருஷத்தில் இரண்டு தரம்கூடக் கொட்டும், தும்புத்தடி தயாராக இருக்கட்டும்.

எதிர்பாராத ஒன்று: சண்டை மீன் வளர்க்கும் பொடியன்கள் தொட்டித் தண்ணீரில் போடச் சருகு கேட்டு வருகிறார்கள்.