மானிட்டர் ஆலோசனை வேணும்: 4கே-வா, அடோப் ஆர்ஜிபி-யா?

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல கல்யாண ஆல்பம், அழைப்பிதழ் வடிவமைப்பு வேலைக்கு 27 அங்குல மானிட்டர் பார்க்கிறோம். பட்ஜெட் 3,000 ரிங்கிட்.

ஏசுஸ் புரோஆர்ட் பிஏ279சிவி 4கே (3840×2160 புள்ளி). எழுத்து நல்ல கூர்மை, ஆனா வண்ணம் எஸ்ஆர்ஜிபி-யோட (சாதாரணத் திரைகளோட வண்ண எல்லை) நின்னுடும். பென்க்யூ எஸ்டபிள்யூ270சி 2560×1440தான், ஆனா அடோப் ஆர்ஜிபி-ங்கிற இன்னும் அகலமான வண்ண எல்லையில 99% காட்டும். கேலிப்ரேஷனும் (வண்ணத்தை அளந்து சரிபண்றது) மானிட்டருக்குள்ளயே பதிவாகும். மயில்நீலம், கிளிப்பச்சைப் பட்டு நிறைய வருது. அச்சுல வரக்கூடிய சில சியான், பச்சைச் சாயல்களை எஸ்ஆர்ஜிபி திரை காட்டாது. அதனால மனசு பென்க்யூ பக்கம்தான் சாயுது. அழைப்பிதழ்ல பொடி எழுத்து பார்க்க அதோட 109 பிபிஐ (அங்குலத்துக்கு 109 புள்ளி) போதுமா? பயன்படுத்துறவங்க சொல்லுங்க.

பழசு கிடைச்சாலும் சரி. பேக்லைட் (திரைக்குப் பின்னால இருக்கிற விளக்கு) தேய்ஞ்சிருந்தா சாம்பல் நிறத்தைத் திரை முழுக்க வச்சுப் பார்க்கும்போது மூலைகள்ல இளஞ்சிவப்போ மஞ்சளோ தட்டும். லோ யாட் பிளாசாவுல காசு கட்டுறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் சூடாக்கி இப்படிப் பார்க்க விடுற கடை எது?

கேலிப்ரேட்டர் (திரை வண்ணத்தை அளக்கிற கருவி) வாடகைக்குத் தர்றவங்க கோலாலம்பூர்ல இருக்காங்களா? வெண்மை 6500 கெல்வின், காமா (நடுச்சாயல் வெளிச்சம்) 2.2, வெளிச்சம் 100 நிட்ஸ் வைக்கணும். புதுசா வாங்கும்போது மானிட்டர்ல இருக்கிற அதிக வெளிச்சத்தைக் குறைக்காம அப்படியே எடிட் பண்ணினா ஆல்பம் இருட்டாத்தான் அச்சாகும்.