ந்சிமாவில் கட்டி விழுகிறது: மலாவியில் சமைத்துப் பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம். மலாவியின் லிலோங்வேயில் இரண்டு மாதங்களாக வசிக்கிறேன். இந்நாட்டின் அன்றாட உணவான ந்சிமாவை, அதாவது வெள்ளை மக்காச்சோள மாவுக் களியை, ஒருமுறைகூடக் கட்டியின்றிக் கிண்ட முடியவில்லை. கட்டியைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே உதிர்கிறது. பச்சை மாவின் வாடையும் போவதில்லை.

தவிடு நீக்கிய ‘உஃபா வொயேரா’ மாவு சுமார் 500 கிராம், தண்ணீர் 1.5 லிட்டர், 3 லிட்டர் அலுமினியப் பானை, எரிவாயு அடுப்பு, ‘ம்திகோ’ என்னும் மரத்துடுப்பு ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் மாவைக் கரைத்து, ‘பாலா’ எனப்படும் கஞ்சியாகக் கொதிக்கவிட்டு, பத்து நிமிடம் மூடி வைத்தபின் மீதி மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிண்டுகிறேன்.

மாவைச் சலித்தேன், கஞ்சியை இருபது நிமிடம் வேகவிட்டேன், தணலைக் குறைத்தேன். தவிட்டோடு அரைத்த ‘ம்கைவா’ மாவுக்கு மாறியபோது கட்டி சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா இதே மாவைக் கரியடுப்பில் வைத்து, துடுப்பால் பானையின் பக்கச்சுவரில் அழுத்தி அழுத்தி இழுக்கிறார், வெண்ணெய்போல வருகிறது. கேழ்வரகுக் களி கிண்டிய கை என்ற என் தெம்பு அங்கே செல்லவில்லை. தொட்டுக்கொள்ளும் உசிப்பா மீன் கருவாடும், நிலக்கடலைப் பொடி சேர்த்த பூசணி இலையும் எனக்கு நன்றாகவே வருகின்றன.

மீதி மாவைத் தூவத் தொடங்கும்போது கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்?