64 வரிகளில் எது என்னுடையது?

கேள்வி:
எட்டு மாதத்துக்கு முன் எழுதிய பைத்தான் திட்டத்தைப் புதுக் கணினியில் நிறுவ உட்கார்ந்தேன். நான் நேரடியாகப் பயன்படுத்துபவை ஆறே தொகுப்புகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்). தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பிலோ 64 வரிகள். நிறுவியிருக்கும் எல்லாவற்றையும் பதிப்பெண்ணோடு பட்டியலிடும் ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை கக்கியதை அன்று அப்படியே கொட்டிவைத்த வினை. பழைய பதிப்பெண்கள் புதுப் பைத்தானில் ஏறவில்லை. எல்லா எண்களையும் அழித்தேன். எண் கணக்குத் தொகுப்பான நம்பையின் 2ஆம் பதிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது, ‘ஃப்ளோட்_’ என்ற பெயரே கிடையாது என்று நிரல் படுத்துவிட்டது. போதாக்குறைக்கு, நிரலுக்கு வெளியே அமைப்புகளை வைக்கும் சூழல் கோப்பில் ‘டீபக்’ மாறிக்கு ‘ஃபால்ஸ்’ (இல்லை) என்று எழுதியும் பிழைதிருத்த முறை அணைய மறுக்கிறது.

பதில் 1:
அந்தப் பெயரை 2024இல் வந்த நம்பை 2.0 நீக்கிவிட்டது, ‘ஃப்ளோட்64’ என்று மாற்றுங்கள். அது சில்லறை வேலை. உண்மையான சிக்கல், நீங்கள் கேட்டதும் கூடவே வந்ததும் ஒரே கோப்பில் கலந்து கிடப்பதுதான். அந்த ஆறு பெயர்களை மட்டும், திட்ட விவரங்களுக்கான ‘பைபுராஜெக்ட்’ கோப்பில் தளர்வான பதிப்பு வரம்போடு எழுதுங்கள். துல்லியப் பதிப்புகள் அடங்கிய பூட்டுக் கோப்பை ‘பிப்-கம்பைல்’ என்ற கருவி எழுதட்டும். அதில் கை வைக்காதீர்கள், ஆனால் நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் கட்டாயம் சேர்த்துவையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே ‘வயா’ என்று குறிப்பிட்டு, யார் அழைத்து வந்த விருந்தாளி என்பதையும் அது சொல்லிவிடும். இதே வேலைக்கான ‘யூவி’ என்ற கருவி பிடித்திருந்தால் அதுவும் சரியே. எனக்குப் பழகியது பிப்-கம்பைல்தான்.

பதில் 2:
டீபக் விஷயம்: சூழல் மாறிகள் எல்லாமே சரங்கள், அதாவது வெறும் எழுத்துக் கோவைகள். நீங்கள் ஆம்/இல்லை மதிப்பாக்கும் ‘பூல்’ போட்டு மாற்றியிருப்பீர்கள். காலியாக இல்லாத எந்தச் சரமும் அதற்கு ‘ட்ரூ’தான் (ஆம்), ‘ஃபால்ஸ்’ என்ற சரம் உட்பட! நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். சிற்றெழுத்தாக்கி, ‘1’ அல்லது ‘ட்ரூ’ என்ற சரத்துக்குச் சமமா என்று பாருங்கள். அமைப்புகளை ஒரே கோப்பில், நிரல் தொடங்கும்போதே படித்துவிடுங்கள். கட்டாயமானவற்றைச் சதுர அடைப்புக்குறியால் எடுங்கள். மாறி இல்லையென்றால் அங்கேயே ‘கீஎரர்’ என்ற பிழை கத்தும். ‘கெட்என்வ்’ வழியாக எடுத்தால் அது சத்தமில்லாமல் ‘நன்’ (மதிப்பு இல்லை) தந்துவிட்டு, மூன்று கோப்பு தள்ளிக் கழுத்தை அறுக்கும்.

கேட்டவர்:
‘பூல்’தான், பிடிபட்டது. 64இல் 58 வரிகள் விருந்தாளிகள். ஒரு சந்தேகம்: கடவுச்சொல் இருந்த சூழல் கோப்பைக் கிட்டில் ஏற்றித் தொலைத்திருக்கிறேன். நீக்கிவிட்டு, கிட் கண்டுகொள்ளாமல் விடவேண்டியவற்றின் ‘கிட்இக்னோர்’ பட்டியலில் சேர்த்தால் போதுமா?

பதில் 2:
போதாது. பழைய கமிட்டுகளில் (கிட்டில் சேமித்த முந்தைய நிலைகளில்) அது அப்படியே இருக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், இன்றைக்கே.