4140 எஃகு: மையத்தில் தெரிவது பெய்னைட்டா, டெம்பர் ஆன மார்டென்சைட்டா?

உலைக்களம்:
60 மி.மீ. விட்டமுள்ள 4140 (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) தண்டு. 850 டிகிரியிலிருந்து எண்ணெயில் குவென்ச் (சட்டென்று குளிர்விப்பு), 580 டிகிரியில் டெம்பர் (மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தல்). குறுக்குவெட்டில் 2% நைட்டல் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) போட்டு 500 மடங்கில் பார்த்தேன். ஓரம் ஊசி ஊசியாக, சீராக இருக்கிறது. மையத்தில் இறகு மாதிரி கருத்த திட்டுகள், இடையிடையே வெள்ளைத் துணுக்குகள். சில புள்ளிகளுக்கு வால் முளைத்திருக்கிறது. இது டெம்பர் ஆன மார்டென்சைட்டா (வேகமாகக் குளிர்ந்தால் வரும் கடின அமைப்பு), பெய்னைட்டா (அதைவிட மெதுவாகக் குளிர்ந்தால் வருவது)? பெய்னைட் என்றே அறிக்கையில் எழுதிவிடலாமா?

கண்ணாடிமுகம்:
வாலை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், அது பாலிஷ் கோளாறு. ரோமம் அதிகமுள்ள துணியில் ஒரே திசையில் வெகுநேரம் பிடித்தால், சல்பைடு, ஆக்சைடு துகளுக்குப் பின்னால் அப்படித்தான் இழுக்கும்.

240, 320, 400, 600 எண் உப்புத்தாள்களில், தாளுக்குத் தாள் 90 டிகிரி திருப்பித் தேயுங்கள். பழைய கீறல் மறைந்ததும் நிறுத்தாமல், அதற்கு ஆன நேரம் இன்னொரு மடங்கு தேய்க்க வேண்டும். கீறலுக்கு அடியில் நசுங்கிய அடுக்கு மிச்சமிருந்தால் எட்ச் செய்ததும் (அமிலத்தால் லேசாக அரித்ததும்) இல்லாத அமைப்பெல்லாம் தெரியும். பிறகு ரோமம் குறைந்த துணியில் 6 மைக்ரான் வைரம், அடுத்து 1 மைக்ரான். லேசாக எட்ச், மறுபடி 1 மைக்ரான், மறுபடி எட்ச்.

நைட்டலில் டெம்பர் ஆன எஃகு சட்டென்று கருக்கும். பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறம் தட்டியதுமே ஆல்கஹாலில் கழுவிவிடுங்கள். கலக்கும்போது 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள். பாட்டிலை இறுக மூடியும் வைக்க வேண்டாம்.

கார்பைடு:
580-இல் டெம்பர் ஆனபின் மார்டென்சைட், பெய்னைட் இரண்டுமே ஃபெரைட்டில் (மென்மையான, கிட்டத்தட்டத் தூய இரும்பு) சிதறிய கார்பைடுதான் (கார்பன் சேர்ந்த கடினத் துகள்). 0.95 துளை எண் (நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் திறனின் அளவு) கொண்ட லென்ஸே சுமார் 0.35 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்டாது. கார்பைடுகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. நைட்டலில் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது ஊகம்.

அதே தண்டில், அதே உலை ஏற்றத்தில், குவென்ச் ஆகி டெம்பர் ஆகாத துண்டு கிடைத்தால் அதைப் பாருங்கள். அதில் மார்டென்சைட் வெளிறியும் பெய்னைட் கருத்தும் தெரியும், குழப்பம் பெரிதும் குறையும். வெட்டும்போது குளிர்நீர் தாராளமாக ஓடட்டும். சூடான பிரஸ்ஸில் மவுண்ட் செய்யாதீர்கள் (துண்டைப் பிளாஸ்டிக்கில் பதிக்காதீர்கள்): அந்த 150–180 டிகிரியே மார்டென்சைட்டை லேசாக டெம்பர் செய்து கருக்க வைக்கும். குளிரில் உறையும் ரெசின் போதும்.

வெள்ளைத் துணுக்கு ஃபெரைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வைர முனை பதிக்கும் தடம் தனக்குள்ளேயே அடங்குமளவு துணுக்கு பெரியதாக இருந்தால், 25 கிராம் சுமையில் விக்கர்ஸ் கடினத்தன்மை எடுத்துச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிடுங்கள்.

உலைக்களம்:
டெம்பர் ஆகாத துண்டு இல்லை. 4% பிக்ரால் (பிக்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) உதவுமா?

கார்பைடு:
ஓரளவு. கார்பைடு எப்படிப் பரவியிருக்கிறது என்பதை நைட்டலைவிடத் தெளிவாகக் காட்டும். ஆனால் பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும். ஈரமாகவே வையுங்கள், மூடியின் புரியில் படிந்ததையும் துடைத்துவிடுங்கள்.

கண்ணாடிமுகம்:
நீளவாக்கிலும் ஒரு வெட்டு போடுங்கள். திட்டுகள் உருட்டிய திசையில் பட்டை பட்டையாக ஓடினால் குரோமியம், மாங்கனீசு செறிவு வேறுபாடும் காரணம். அறிக்கையில் "டெம்பர் ஆன மார்டென்சைட், மையத்தில் பெய்னைட் இருக்கக்கூடும்" என்று எழுதுங்கள். எண்ணெயில் குவென்ச் ஆன 60 மி.மீ. 4140-இல் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். சதவீதம் மட்டும் போடாதீர்கள்.