பாம்படம், சடைநாகம்: உங்கள் வீட்டில் பார்த்ததுண்டா?

கமுதிப் பக்கத்திலிருந்து:

என் அப்பத்தாவுக்குத் தோளைத் தொடும் அளவுக்கு வடிந்த காது. கைக்குழந்தையாக இருந்தபோதே காது குத்தி, ஓலைச்சுருள் செருகித் துளையைப் பெரிதாக்கி, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி வளர்த்த காது. அதில் பாம்படம் தொங்கும். மடியில் படுத்துக்கொண்டு அதை ஆட்டிவிடுவது எனக்கு விளையாட்டு.

"இதுல பாம்பு எங்க இருக்கு அப்பத்தா?" என்று கேட்டால், "நல்லா உத்துப் பாருத்தா, படம் எடுத்து நிக்குது" என்பார். எனக்கு உருண்டையும் கட்டமும் முக்கோணமும்தான் தெரிந்தன. கழற்றி வைத்திருந்ததை ஒருநாள் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கண் இல்லை, நாக்கு இல்லை, செதிலும் இல்லை. ஆனாலும் சுருண்ட உடம்பிலிருந்து தலை தூக்கி நிற்கிற அந்த நிலை அப்படியே இருந்தது. அதைச் செய்த ஆசாரியை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

பாம்பைக் காதில் போட அப்பத்தாவுக்குப் பயமே கிடையாது. அரசமரத்தடியில் பின்னிக்கிடக்கும் நாகர் கல்லுக்கு மஞ்சள் பூசி, புற்றுக்குப் பால் ஊற்றி, பிள்ளைவரம் கேட்டவர் அவர். என் அப்பா பிறந்தது அந்த வேண்டுதலால்தான் என்று கடைசிவரை சொன்னார். பாம்பு அவருக்குக் காவல்.

அவர் போன பிறகு, தங்கை கல்யாணத்துக்காக அதை உருக்கினோம். நானும் கூடப் போயிருந்தேன். வெளியே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே முழுக்க அரக்கு. அரக்கை எரித்தபோது பட்டறை முழுக்கப் புகை. எடை வெகுவாகக் குறைந்துபோனது. மிஞ்சிய தங்கம் இரண்டு வளையல்களானது. தங்கை அதைப் போட்டுக்கொண்டு வரும்போது இன்னும் என் கண் வேறு பக்கம் போய்விடுகிறது.

நாகர்கோவிலிலிருந்து:

உங்கள் பதிவைப் படித்ததும் பின்னலில் அணியும் என் சடைநாகம் ஞாபகம் வந்தது. அரங்கேற்றத்துக்காக அம்மா வடசேரியில் செய்யக் கொடுத்தார். கோயில் நகை செய்பவர்கள் தலைமுறையாக இருக்கும் இடம் அது. மேலே ராக்கொடி, பிறை, அப்புறம் படம் விரித்த நாகம். அதன் உடல் பின்னலோடு குறுகி இறங்கிக் குஞ்சலத்தில் முடியும். பாம்படத்தில் ஒளிந்திருக்கும் பாம்பு இதில் சிவப்புக் கல் பதித்து வெளிப்படையாகத் தெரியும். முதல்முறை மாட்டியபோது தலை பின்னால் இழுத்தது, ஆனால் முதுகு தானாக நிமிர்ந்தது. ஆடப் போகும் முன் நாகராஜா கோயிலுக்குப் போனோம். எங்கள் ஊருக்குப் பெயர் தந்த கோயில். அங்கே பிரசாதம் மண்தான். அதையே நெற்றியில் இட்டுக்கொண்டு ஆடினேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் நகை தப்பித்தது, காதுதான் போனது. மகன்கள் பட்டணத்தில் வேலைக்குப் போனதும், வடிகாது நாகரிகமில்லை என்று சொல்லிப் பாட்டியின் காதை அறுத்துத் தைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் சின்னத் தோடுதான். பாம்படத்தை மட்டும் யாருக்கும் கொடுக்க மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துத் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி வைப்பார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. நான் துடைக்கிறேன்.