திருகோணமலைக்குக் குடிவந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு: எல்லாமே கரண்டில் ஓடும் வீடும் மாத பில்லும்

சம்பூர் வேலை, சீனக்குடா வேலை என்று தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு இங்கே வருகிறவர்கள் முதல் மாதம் வீடும் பள்ளிக்கூடமும் பற்றிக் கேட்பார்கள். இரண்டாம் மாதம் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள்: "கரண்ட் பில் ஏன் இப்படி வருது?" சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்ட வந்தவர் வீட்டிலும் இதே புலம்பல்தான். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தமாக எழுதுகிறேன்.

முதலில், வீடு ஏன் இப்படி இருக்கிறது என்பது. உவர்மலை, உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் வாடகைக்கு விடுகிற புது வீடுகள் சிலவற்றில் காஸ் அடுப்புக்கு இடமே வைத்திருக்க மாட்டார்கள். 2021 கடைசியில் ஊர் ஊராகச் சிலிண்டர் வெடித்த செய்தி வந்தது. 2022இல் காஸுக்கு மைல் கணக்கில் வரிசை. அந்தச் சமயம் கட்டினவர்கள் இண்டக்ஷன் அடுப்பு, ஹீட்டர், கிணற்று மோட்டர், அறைக்கு அறை ஏசி என்று எல்லாவற்றையும் கரண்டிலேயே போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு கரண்ட் விலையும் ஏறியது. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் அதன்மேல் 66 சதவீதம். பிறகு இறங்கி, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, ஜூனில் 15 சதவீதம் கூடியது. அதனால் "எங்க வீட்டுக்குப் போன வருஷம் இவ்வளவுதான் வந்தது" என்று யார் சொன்னாலும் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்றைய கட்டணம் கையில் இருக்கிற பில்லிலேயே இருக்கிறது.

நம்ம ஊர்ப் பழக்கத்தில் இருப்பவர்கள் தடுமாறுவது படிக் கணக்கில்தான், அதாவது யூனிட் கூடக் கூட விலை ஏறுகிற ஸ்லாப் கணக்கில். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். இங்கே மாதாமாதம் பில், இலவசம் கிடையாது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால் முதல் 60 யூனிட்டுக்கே விலை மாறிவிடும். அப்புறம் 90, 120, 180 என்று படிகள். 180க்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் முதல் படி விலையைப் போலப் பல மடங்கு. இதோடு மாத நிலையான கட்டணம் என்று ஒன்று உண்டு, அதுவும் மொத்த யூனிட்டைப் பார்த்தே ஏறும். ஆக, எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தாண்டினாலே நிலையான கட்டணம் ஒரே தாவாகத் தாவும். 118 யூனிட்டில் நிற்கிற வீடும் 123 யூனிட் எரித்த வீடும் ஐந்து யூனிட் வித்தியாசம் என்று நினைப்பீர்கள். பில்லில் அப்படித் தெரியாது.

பில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் எத்தனை நாளுக்கான பில் என்று பாருங்கள். படிகள் 30 நாளுக்கு வகுத்தவை. மீட்டர் பார்க்கிறவர் சில நாள் தள்ளி வந்தால் படியின் அளவும் அந்த விகிதத்தில் கூடும். அதனால் "லேட்டா வந்து படி ஏத்திவிட்டான்" என்று சண்டைக்குப் போகத் தேவையில்லை.

இனி வாடகைக்கு வருகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. இங்கே மேல்மாடி ஒரு குடும்பம், கீழே வீட்டுக்காரர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் என்பது சாதாரணம். மேல்வீட்டுக்கு ஒரு சின்ன உபமீட்டர் மாட்டி, பில்லை யூனிட் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் 90, அவர்கள் 90 என்று தனித்தனி மீட்டரில் எரித்தால் இரண்டு வீடுமே 90 படியோடு நின்றுவிடும். ஒரே மீட்டரில் அது 180. கடைசி 60 யூனிட் முழுக்க 121க்கு மேலான படியில் விழும், நிலையான கட்டணமும் அதற்கேற்ப ஏறும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் இரண்டு குடும்பமும் அதிகம் கட்டுகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: "அக்கா, மேல்வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கா?" இல்லையென்றால் மின் விநியோக அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தனி மீட்டர் எடுக்க அவர்கள் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். செலவில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு நகரும். இரண்டு வருஷம் இருக்கப்போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மிச்சம் வேறு எதிலும் வராது என்பது என் கணிப்பு. எல்இடி பல்பு மாற்றுவது, சார்ஜரைப் பிடுங்கி வைப்பது எல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

அடுத்தது சமையல். இண்டக்ஷன் நல்ல அடுப்புதான், சூட்டை வீணாக்காது. சிக்கல் அடுப்பில் இல்லை, அது எந்தப் படியில் எரிகிறது என்பதில் இருக்கிறது. நாலு பேர் வீட்டில் காலை இட்லி, மதியம் சோறு குழம்பு, இரவு தோசை என்று ஓடினால் நாளைக்கு இரண்டு யூனிட் போகும், மாதம் 60. வீட்டில் ஏற்கனவே ஏசியும் ஃபிரிட்ஜும் ஓடுவதால் அந்த 60ம் மேல்படி விலையில்தான் விழும். ஒரு 12.5 கிலோ சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்ஷனில் செய்ய ஏறத்தாழ 100 யூனிட் ஆகும். ஆகவே உங்கள் பில்லில் கடைசியாகத் தொட்ட படியின் விலையை 100ஆல் பெருக்குங்கள், கடையில் லிட்ரோவோ லாஃப்ஸோ சிலிண்டர் என்ன விலை என்று கேளுங்கள். எது கூடுதல் என்று அங்கேயே தெரிந்துவிடும். 180க்கு மேல் போகிற வீட்டுக்குப் பெரும்பாலும் காஸ்தான் மலிவாக நிற்கும். 90க்குள் நிற்கிற சின்னக் குடும்பம் இண்டக்ஷனிலேயே இருக்கலாம்.

முழுக்க மாறச் சொல்லவில்லை. நீளமாகக் கொதிக்கிற சாம்பார், பருப்பு, இறைச்சி காஸில், சோறு ரைஸ் குக்கரில், பால் காய்ச்சுவதும் அவசர டீயும் இண்டக்ஷனில். ரைஸ் குக்கர் ஒரு வேளைச் சோற்றுக்கு அரை யூனிட்கூட எடுக்காது. வெந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ராத்திரி வரை சூடு காக்கவிடுவதுதான் வீண். வெட் கிரைண்டரைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், தேவையே இல்லை. அரை மணி நேரம் மாவு ஆட்டினாலும் பத்தில் ஒரு யூனிட்தான். சிலிண்டர் ஒன்று வீட்டில் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. காஸ் வைத்திருந்த வீடுகளில் மதியச் சோறு நேரத்துக்கு வெந்தது. ரெகுலேட்டரையும் குழாயையும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவராதீர்கள், எந்தச் சிலிண்டர் வாங்குகிறீர்களோ அதற்கு உரியதை இங்கேயே வாங்குங்கள்.

வெந்நீர். இந்த ஊரில் வெந்நீருக்கு ஹீட்டர் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறு சும்மாவே கொதிக்கிறது என்று இங்குள்ளவர்கள் கிண்டல் செய்வார்கள். சும்மா சொல்லவில்லை, வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கையைச் சுடும். பிள்ளைகளைப் பள்ளி விட்டு வந்ததும் குளிக்க வைத்துவிட்டால் ஹீட்டரைத் தொடவே வேண்டாம். மார்கழி, தை மழைக் காலத்தில் கைக்குழந்தையோ வயசானவர்களோ இருந்தால் சரி, குளிப்பதற்குப் பத்து நிமிஷம் முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். நாள் முழுக்கச் சுவிட்சைப் போட்டு வைப்பதுதான் தப்பு.

ஏசிக்கு வருகிறேன், கோபம் வந்தாலும் படியுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டுபோய் வருகிற காற்று. பகலில் அந்தப் பக்க ஜன்னலைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. அதனால் பத்து மணிக்கே அந்தப் பக்கத்தை மூடித் திரை போட்டுவிட்டு, சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு எல்லாப் பக்கமும் திறந்துவிடுங்கள். சுவர் கொஞ்சம் ஆறிய பிறகு ஏசி போட்டால் அது கஷ்டப்படாது. திறந்த வீட்டில் ஏசியைப் போட்டுவிட்டு உடனே மூடுவதில் பாதி வேலை சுவரை ஆற்றுவதற்கே போய்விடும்.

இன்வெர்ட்டர் இல்லாத ஒரு டன் ஏசி எட்டு மணி நேரத்துக்கு ஐந்து முதல் ஏழு யூனிட் வரை இழுக்கும். மாதம் 150க்கு மேல். ஒரே ஏசி உங்களை 180 படியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே அந்த நாலு மாதமும் ஒரே அறையில் எல்லோரும் பாய் விரித்துப் படுங்கள், 26இல் வைத்து மெல்ல ஃபேனையும் ஓடவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தனி அறை, தனி ஏசி என்று சென்னையில் பழக்கியிருப்பீர்கள். இங்கே அதன் விலை வேறு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்கு அருகே இருப்பவர்கள் ஏசியின் வெளிப்பெட்டியைப் போய்ப் பாருங்கள். உப்புக் காற்றில் அலுமினியத் தகடு வெளுத்து மாவாக உதிர்ந்திருக்கும். தகடு போன ஏசி அதே குளிருக்குக் கூடுதல் நேரம் ஓடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக அடித்து அடிக்கடி கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதை அடிக்காதீர்கள், குழாய்த் தண்ணீர்தான்.

ஃபேனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 70 வாட். நாளைக்கு இருபது மணி நேரம் ஓடினால் மாதம் 42 யூனிட். மூன்று அறையில் ஆள் இல்லாமலே ஓடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மோட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிணறு உள்ள வீடுகளில் தண்ணீர் அழுத்தம் குறைந்ததும் தானாக ஓடுகிற மோட்டர் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் நடு ராத்திரி யாரும் குழாயைத் திறக்காமலே மோட்டர் இரண்டு நிமிஷம் ஓடும், நிற்கும், கால் மணி கழித்து மறுபடி ஓடும். நாங்கள் அதைத் தாலாட்டாகவே எடுத்துக்கொண்டோம். கீழ்வீட்டு அக்காதான் சொன்னார்: "பிள்ளை, உங்கட மோட்டர் விட்டு விட்டு ஓடுது, எங்கயோ தண்ணி கசியுது, கக்கூஸ் டாங்கைப் பாருங்கோ." துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் கொஞ்சம் ஃபிளஷ் தொட்டியில் விட்டுவிட்டு, கால் மணி நேரம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் இருக்கச் சொன்னார். பீங்கானின் பின்பக்கம் மெல்லிய நீலக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மோட்டர் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோவாட்டைத் தொட்டு ஓடுவதை நினைத்தால், அந்த வாஷர் நகரில் வாங்கக்கூடிய மலிவான மிச்சம்.

எங்கே போகிறது என்று தெரியவே இல்லை என்றால், படுக்கப் போகும்போது மீட்டரைப் போனில் படம் எடுங்கள், எழுந்ததும் ஒன்று எடுங்கள். பிறகு மெயின் போர்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து மீட்டர் விளக்கின் துடிப்பு எப்போது குறைகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்தும் துடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கடலோர வீடுகளில் ஈரம் ஏறிய வயரிங் அசட்டை செய்யும் விஷயமில்லை.

நேரத்தைப் பொறுத்து விலை மாறும் கட்டணம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கும் அது உண்டு, விரும்பினால் மாறிக்கொள்ளலாம். மும்முனை இணைப்புள்ள பெரிய வீடுகளுக்குத்தான் அது பொருந்தும். அதில் படி கிடையாது. மாலை 6.30 முதல் 10.30 வரை விலை உச்சம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைவு. ராத்திரி ஏசி, விடியற்காலை மோட்டர், துணி துவைப்பு என்று ஓடுகிற வீட்டுக்கு லாபம். ஆனால் மாலை ஏழு மணிக்கு அடுப்பும் ஏசியும் டிவியும் சேர்ந்து ஓடுகிற குடும்பம் மாறினால் அடிதான். மின்சார உதவி எண் 1987க்கு அழைத்து உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், விண்ணப்பம் வீட்டுக்காரர் பெயரில் போக வேண்டியிருக்கும்.

கூரைச் சோலார் வாடகைக்காரருக்கான பேச்சில்லை. சொந்தமாக வாங்கி நிரந்தரமாகத் தங்குகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், அது வேறு கதை.

ஊருக்குப் போய் வருகிறவர்கள் என்ன கொண்டுவரலாம்? இரண்டு இடமும் 230 வோல்ட்தான், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ஓடும். புது வீடுகளில் சதுர முனை 13 ஆம்பியர் பாயின்ட், அதனால் பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள், அடாப்டரை மூன்றடுக்காகக் குத்தி ஹீட்டர் ஓட்டாதீர்கள். பெட்டியில் இடம் இருந்தால் 30 வாட்டில் ஓடுகிற பிஎல்டிசி சீலிங் ஃபேன் ஒன்றும் நல்ல பிரஷர் குக்கர் ஒன்றும். இண்டக்ஷனில் உட்காருகிற அடிப்பாகமா என்று கடையில் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.