விதி போடும் டாக்டர்களை யார் கேட்பது? டெக்சாஸ் - டெலடாக் வழக்கு

பட்டிக்காட்டான்:
2015 ஏப்ரலில், டாக்டர்களுக்கு உரிமம் தரும் டெக்சாஸ் மருத்துவ வாரியம் ஒரு விதியைத் திருத்தியது. முதலில் நேருக்கு நேர் பார்க்காத நோயாளிக்கு டாக்டர் மருந்துச்சீட்டு எழுதக்கூடாதாம். டல்லாஸில் தொடங்கிய டெலடாக் கம்பெனிக்குத் தொழிலே போனில் வைத்தியம் சொல்வதுதான். ஷெர்மன் சட்டப்படி, அதாவது ஏகபோகத் தடுப்புச் சட்டப்படி, வழக்குப் போட்டது. ஆஸ்டின் ஃபெடரல் நீதிபதி ராபர்ட் பிட்மன் மே மாதமே விதியை நிறுத்திவைத்தார். அந்த உத்தரவில் ஒரு கணக்கு வருகிறது: டெலடாக்கில் பேச 40 டாலர், டாக்டரை நேரில் பார்க்க 145 டாலர். வாரியத்தில் இருக்கும் 19 பேரில் 12 பேர் டாக்டர்கள். சந்தேகம் வருமா, வராதா?

வெள்ளைக்கோட்டு:
வரட்டும் சார். தொண்டை வலி என்று போன் செய்பவரின் தொண்டைக்குள் யார் டார்ச் அடித்துப் பார்ப்பது? வைரஸா பாக்டீரியாவா என்று தெரியாமலே ஆன்டிபயாடிக் எழுதிவிட்டுப் போனை வைத்துவிடலாம். மறுநாள் மூச்சு வாங்கினால் நோயாளி ஓடிவருவது எங்களிடம்தான். அந்த 19 பேரையும் நியமிப்பவர் ஆளுநர், ஒப்புதல் தருவது மாநில செனட். டாக்டர் சங்கம் கூடிப் போட்ட தீர்மானம் மாதிரி பேசாதீர்கள்.

சட்டப்புலி:
நியமித்தது யார் என்பது மட்டும் போதாது டாக்டர். 1943-ல் பார்க்கர் எதிர் பிரவுன், கலிபோர்னியா உலர்திராட்சை வழக்கு. மாநிலமே போட்டியைக் கட்டுப்படுத்தினால் ஷெர்மன் சட்டம் அதைத் தொடாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த அதிகாரத்தை மாநிலம் அதே தொழிலில் இருப்பவர் கையில் கொடுத்தால்? அதற்குப் பதில் 2015 பிப்ரவரியில் வந்தது, வட கரோலினா பல் மருத்துவ வாரிய வழக்கில். எட்டு உறுப்பினர்களில் ஆறு பேர் தொழில் செய்யும் பல் டாக்டர்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பல் டாக்டர்களே. டாக்டர் அல்லாதவர்கள் மால்களில் கடை போட்டு, குறைந்த காசுக்குப் பல்லை வெள்ளையாக்க ஆரம்பித்தார்கள். உடனே பல் டாக்டர்கள் வாரியத்திடம் புகார் கொடுத்தார்கள். பெரும்பாலான புகார்களில் விலைதான் பிரச்சினை. யாருக்காவது பாதிப்பு வரும் என்றவை சொற்பம். வாரியம் குறைந்தது 47 'நிறுத்து' கடிதங்கள் அனுப்பியது. மால் நடத்துபவர்களுக்கும் தனியாகக் கடிதம் போனது. விதி போடவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை, எல்லாம் லெட்டர்பேடிலேயே முடிந்தது. உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்புச் சொன்னது: முடிவெடுக்கும் பலம் தொழில் செய்பவர்களிடம் இருந்தால், மாநிலம் அவர்களை நிஜமாகவே மேற்பார்வை செய்தால்தான் ஷெர்மன் சட்டத்திலிருந்து விலக்கு. மேற்பார்வை செய்பவரும் அதே தொழிலில் இருக்கக்கூடாது.

வெள்ளைக்கோட்டு:
அவர்கள் விதியே போடவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். டெக்சாஸ் வாரியம் அறிவிப்புக் கொடுத்து, பொதுமக்கள் கருத்துக் கேட்டுத்தான் விதி போட்டது. கோர்ட்டில் எதிர்க்கலாம், சட்டமன்றம் ரத்து செய்யலாம், இதற்கு மேல் என்ன மேற்பார்வை? அந்த வழக்கிலேயே நீதிபதி அலிட்டோ மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்: மாநிலம் உருவாக்கிய வாரியம் மாநில அமைப்புதான், அத்தோடு விஷயம் முடிந்தது என்று. எனக்கு அது சரியாகப் படுகிறது.

பட்டிக்காட்டான்:
வாரியமும் இதையேதான் வாதாடியது. டிசம்பரில் பிட்மன் ஏற்கவில்லை. விதி சட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்றுதான் கோர்ட் பார்க்கும். அது நல்ல விதியா என்று பார்க்காது. வாரியம் தொடர வேண்டுமா என்று பார்க்கும் சட்டமன்றத்தின் 'சன்செட்' ஆய்வோ 12 வருடத்துக்கு ஒருமுறை. மேற்பார்வை என்ன மகாமகமா?

கடைசி பெஞ்ச்:
மகாமகம்! சிரித்துவிட்டேன். கடைசியில் என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்கப்பா.

சட்டப்புலி:
வாரியம் ஐந்தாவது சர்க்யூட்டுக்கு, அதாவது ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, மேல்முறையீடு போனது. 2016 செப்டம்பரில் ஃபெடரல் வர்த்தக ஆணையமும் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமும் வாரியத்துக்கு எதிராக மனுப் போட்டன. அடுத்த மாதமே வாரியம் மேல்முறையீட்டை வாபஸ் வாங்கியது. 2017-ல் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு நேரில் பார்க்கும் கட்டாயத்தை எடுத்தது. டெலடாக்கும் வழக்கை விட்டுவிட்டது.

வெள்ளைக்கோட்டு:
ஆக, தீர்த்து வைத்தது சட்டமன்றம். நேரில் பார்ப்பதற்குள்ள அதே சிகிச்சைத் தரம் போனிலும் வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது, கவனித்தீர்களா? நாங்கள் கேட்டதும் அதைத்தான்.

பட்டிக்காட்டான்:
கேட்டது அதை, போட்டது தடையை. வழக்கு இல்லாவிட்டால் சட்டமன்றம் அசைந்திருக்குமா?

வெள்ளைக்கோட்டு:
இருக்கட்டும். மேற்பார்வை செய்பவர் தொழிலில் இருக்கும் டாக்டராக இருக்கக்கூடாது என்றால், மயக்க மருந்து பற்றிய விதியை யார் படித்துப் புரிந்து ரத்து செய்வார்? ஆளுநர் ஆபீஸ் குமாஸ்தாவா?

சட்டப்புலி:
ஏன், ரிட்டயரான டாக்டர் ஒருவர்கூட டெக்சாஸில் கிடைக்க மாட்டாரா?